ஒஸ்ரினுக்கு இரண்டு பக்கிங்

2009 ஏப்ரல் 14, செவ்வாய்

மழை. இடையிடையே பனித்தூள். கராஜ் வாசலில் தள்ளிவிட்ட பனிக்குவியல் கறுத்துப்போய் இன்னும் கிடக்கிறது. வருசப் பிறப்பு. ஆனால் இங்கே கனடாவில், மல்வேர்ன் பக்கம், எனக்குத் தெரிந்த ஒரு வீட்டிலும் பலகாரம் சுடவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. இவர் கதிரையில். ரீவி ஓடுகிறது, சத்தம் இல்லை. கடற்கரை, புகை, தறப்பாள் கூடாரங்கள்.

இவருடைய தங்கச்சி சாந்தி பெப்ரவரி கடைசியில் வன்னியிலிருந்து போனில் கதைத்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இவர் ஒவ்வொரு நாளும் டவுன்ரவுனுக்குப் போய், போரை நிற்பாட்டச் சொல்லிச் சனத்தோடு சனமாக ரோட்டில் நின்றார். போன கிழமை ஒரு பின்னேரம் வந்தார், சப்பாத்தைக் கழற்றினார், கதிரையில் இருந்தார். அவ்வளவுதான். சுகமில்லை என்று லொறிக் கொம்பனிக்கு நான்தான் போன் பண்ணினேன். கேட்டால் "ஓம்." சாப்பாடு வைத்தால் "வேண்டாம்." இரண்டு சொல்லில் குடும்பம் நடக்கிறது. டொக்டர் குளிசை தந்தார். அதற்கு நித்திரை வருகிறது, பேச்சு வரவில்லை.

எனக்கு ஒரு யோசனை. கராஜில் ஒஸ்ரின் ஏ ஃபோர்ட்டி கார் கிடக்கிறது, 1953. மூன்று வருடத்துக்கு முன் ஸ்ரௌவ்வில்லுக்கு அங்காலே ஒரு பண்ணைக் கொட்டிலில் கோழி எச்சத்தோடு கிடந்ததை இவர் இழுத்து வந்தார். எஞ்சின் பாதி பூட்டியபடி நிற்கிறது. இந்த வசந்தத்தில் ஸ்ரார்ட் பண்ணுவேன் என்று நத்தார் விடுமுறையில் சொன்னவர். தன் சாமானில் வேறு கை பட்டால் இந்த மனிசனுக்குப் பிடிக்காது. ஒரு ஸ்பனர் கொக்கி மாறித் தொங்கினாலே வீடு முழுக்கக் கேட்கும்.

ஆகவே நான் கை வைக்கப் போகிறேன். பிழையாகச் செய்தாலும் நல்லதுதான். ஏசுவதற்காகவாவது வாயைத் திறக்கட்டும்.

ஏப்ரல் 17, வெள்ளி

வெயில், ஆனால் குளிர். எனக்கு டாஷ்போர்ட் பக்டரி வேலை இப்போது கிழமைக்கு மூன்று நாள்தான். கார் விற்கவில்லையாம், டாஷ்போர்ட் யாருக்கு வேண்டும். எனக்கு வசதி.

கராஜில் உள்ளவை:
- எஞ்சினின் அடிப்பாகம், காருக்குள். பிஸ்ரன் நாலும் உள்ளே. அது இவர் செய்து முடித்த வேலை.
- மேல்மூடி (ஹெட்). கார் திருத்தும் குகனின் கராஜில் தேய்த்து வந்தது. என் பழைய பெட்சீற்றால் சுற்றி, குழந்தை மாதிரிப் படுக்க வைத்திருக்கிறார். அந்த பெட்சீற்றை ஒரு வருடமாகத் தேடினேன்.
- யோகட் டப்பாக்களில் நட்டு, போல்ட். ஒவ்வொன்றிலும் இவருடைய கையெழுத்து. "காபரேற்றர், இடது." "தெரியாது." "இதுவும் தெரியாது."
- இங்கிலாந்திலிருந்து தபாலில் வந்த பக்கிங், இரண்டு. ஹெட்டுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் வைக்கும் செம்புத் தகடு.
- வேலைப் புத்தகம், மகள் தர்சி கொம்பியூட்டரில் எடுத்துத் தந்தது.

ஸ்பனர்களை எல்லாம் கொக்கி மாற்றித் தொங்கவிட்டேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டினேன், உருட்டினேன். மேலே ஒரு அசைவும் இல்லை. தர்சிதான் வந்து எட்டிப் பார்த்தாள். யூனிவர்சிட்டி, பிறகு ஆர்ப்பாட்டம், பிறகு வீடு என்று பிள்ளையும் காய்ந்துபோய்க் கிடக்கிறாள். "அம்மா, ஆர் யூ ஓகே? அப்பாதான் சிக், நீங்களுமா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக் கனநாள்.

ஏப்ரல் 22, புதன்

தூறல். எஞ்சின் அடிப்பாகத்தின் மேல்முகப்பைச் சுரண்டித் துடைத்தேன். நாலு துளை, நாலு பிஸ்ரன். டோர்ச் அடித்தால் உள்ளே வெள்ளித் தரை தெரிகிறது. இரண்டு மேலே, இரண்டு கீழே. கைப்பிடியால் மெதுவாகச் சுற்றினால் மேலே நின்றவை இறங்கும், கீழே நின்றவை ஏறும். எவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. தேத்தண்ணீர் ஆறிவிட்டது.

இந்தக் கராஜில் நேரம் வேறு மாதிரிப் போகிறது. வாசல் அரைவாசி திறந்திருக்கும். அதற்குக் கீழால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கால்கள் மட்டும் போகும். பிறகு நாயின் கால்கள். எண்ணெய் மணம், உருகிய பனி சொட்டும் சத்தம். மேலே என்ன நடக்கிறது, உலகத்தில் என்ன நடக்கிறது என்பதெல்லாம் தூரத்தில். வெளியில் வரும்போதுதான் வெட்கமாக இருக்கிறது, இவ்வளவு நேரமும் சாந்தியை நினைக்கவில்லையே என்று.

மத்தியானம் வோபர்னுக்கு பஸ்ஸில் போய்க் குகனிடம் கிளிக் ஸ்பனர் இரவல் வாங்கினேன். நட்டு போதிய அளவு இறுகினால் கிளிக் என்று சொல்லும் ஸ்பனர். பக்டரியில் பதினொரு வருடமாக அதுதான் என் கை. அண்ணை சுகமாகி வந்து செய்யட்டுமே அக்கா என்றான் குகன். அவர் சுகமாகத்தான் செய்கிறேன் என்றேன். விளங்காமல் பார்த்தான்.

ஏப்ரல் 26, ஞாயிறு

நல்ல வெயில். ஹெட் பூட்டிய நாள்.

இரண்டு பக்கிங்கையும் துடைத்து, இரண்டுக்கும் நடுவில் பசை தடவி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தேன். இது எனக்குப் புத்தகம் பார்க்காமலே தெரியும். கலியாணம் முடித்த புதிதில் யாழ்ப்பாணத்தில் இவர் வாடகைக்கு ஓட்டியதும் ஒரு ஒஸ்ரின்தான். பொருளாதாரத் தடைக்காலம். கரண்ட் இல்லை. ஜாம் போத்தல் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. ஹெட்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கிங். ஒரு முறை ஒன்று கிழிந்து, மற்றதற்குச் சுன்னாகம் முழுக்க அலைந்தார். இங்கேயும் அதற்குத்தானே இரண்டு வாங்கி வைத்திருக்கிறார்.

நட்டுகளை நடுவிலிருந்து வெளியே, குறுக்கு மறுக்காக இறுக்க வேண்டும். ஒரே மூச்சில் இல்லை, மூன்று சுற்றாக. கிளிக், கிளிக், கிளிக். கடைசி கிளிக்கோடு எனக்குள்ளும் ஏதோ ஒன்று தன் இடத்தில் போய் இருந்தது. மேலே போய், ஹெட் பூட்டிவிட்டேன் என்று இவருக்குச் சொன்னேன். என்னைப் பார்த்தார். ஒரு நிமிடம் ஏதோ வரப்போகிறது என்று நின்றேன். "ஓம்."

மே 3, ஞாயிறு

வெயில். எதிர்வீட்டு மரத்தில் பச்சை.

வால்வுகளின் இடைவெளி பார்த்தேன். மெல்லிய தகட்டை விட்டு இழுத்தால் இலேசாகப் பிடிக்க வேண்டும், இறுகக் கூடாது. எட்டு வால்வு, இரண்டரை மணித்தியாலம். பக்டரியில் இந்த வேகத்தில் செய்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

களைத்துப்போய்க் காருக்குள் ஏறி இருந்தேன். சீற்றில் இன்னும் கோழிக் கூட்டு மணம். கண்ணயர்ந்துவிட்டேன். கார் ஓடுகிறது, சத்தமே இல்லாமல். இவர் ஓட்டுகிறார். இரண்டு பக்கமும் சோளக் காணி. பின்சீற்றில் சாந்தி. மடியில் மிக்சர் பை. ஜன்னலை மூடு, தலைமயிர் பறக்குது என்று அவள் சொல்ல, இந்தக் காரில் ஜன்னல் மூடாது என்று நான் சொல்ல, பிறகேன் வாங்கினீங்கள் என்று அவள் கேட்க, அப்படியே போகிறது. எங்கே போகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எழும்பியபோது பின்சீற்றைத் திரும்பிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இரவுச் சாப்பாடு: இவர் நாலு வாய். தர்சி சாப்பிடவில்லை.

மே 10, ஞாயிறு

அன்னையர் தினம். தர்சி ஒரு கார்ட் தந்தாள். உள்ளே "மெக்கானிக் அம்மாவுக்கு." தந்துவிட்டு டவுன்ரவுனுக்கு ஓடினாள். பின்னேரம் போன்: எல்லோரும் மேம்பாலப் பெருந்தெருவில் ஏறிவிட்டார்கள், நானும் மேலே நிற்கிறேன், ரீவியில் பாருங்கோ என்று. பார்த்தேன். கைக்குழந்தைகளோடு சனம், நின்றுபோன கார்கள், பொலிஸ் குதிரைகள். இவரும் பார்த்தார். எங்கள் பிள்ளை அதற்குள் நிற்கிறாள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

பயம் தாங்காமல் கராஜுக்குப் போனேன். ரேடியேற்றர் பூட்டினேன். தண்ணீர் விட்டேன். ஒரு பக்கத்தால் ஒழுகியது, இறுக்கினேன், நின்றது. தர்சி வீடு வந்து சேரும் வரை காபரேற்றரைத் துடைத்தேன். அவ்வளவு துப்புரவான காபரேற்றர் கனடாவில் இருக்காது.

மே 16, சனி

மூட்டம். பற்றறி வைத்தாயிற்று. எண்ணெய் விட்டாயிற்று. பெற்றோல் ஒரு கான். இனி ஸ்ரார்ட் பண்ணுவதுதான் மிச்சம். பண்ணவில்லை. நாலு மணித்தியாலம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். வயர் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒருவேளை வேலை முடியக் கூடாது என்று இருக்கிறதோ. முடிந்தால் நானும் மேலே போய் ரீவிக்கு முன்னால் இருக்க வேண்டும்.

மே 18, திங்கள்

விக்ரோறியா மகாராணியின் பிறந்தநாள் விடுமுறை. வானம் துடைத்துவிட்டது போல.

சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். காலையிலிருந்து போன் ஓயவில்லை. எடுப்பவர்கள் அழுகிறார்கள். தர்சி குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். சோறு வைத்தேன். ஒருவரும் தொடவில்லை. நானும்தான்.

சாந்தி எங்கே. அதைத்தான் ஒவ்வொருவரும் கேட்கிறார்கள், தங்கள் தங்கள் சாந்தியை.

பொழுதுபட எதிர்ப்பக்கப் பிள்ளைகள் விடுமுறைக்கு வாணம் விடத் தொடங்கினார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும். முதல் வெடிக்கு இவர் கதிரையை விட்டு எழும்பினார். தானாகவே எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு ரீவியை நிற்பாட்டினார். இருட்டில் மூன்று பேரும் இருந்தோம்.

மே 20, புதன்

வெக்கை. முதல் வெக்கை.

மூன்று நாளாக வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ரீவியும் இல்லை. பின்னேரம் மூன்று மணிக்கு எனக்குக் கோபம் வந்தது. யாரில் என்று சொல்லத் தெரியவில்லை. எல்லாரிலும். இவரிலும். விறுவிறென்று இறங்கிப் போய்க் கராஜ் கதவை முழுக்கத் திறந்து, ஏறி இருந்து, சாவியைத் திருப்பினேன்.

முதல் தரம் இல்லை. இரண்டாம் தரம் இல்லை. மூன்றாம் தரம் இருமியது. நாலாம் தரம் பிடித்தது.

ஓடுகிறது. என் கையால் பூட்டிய எஞ்சின் ஓடுகிறது. நீலப் புகை, ஆனால் ஓடுகிறது. ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி பலத்து அழுதேன். அந்தச் சத்தத்துக்குள் யாருக்கும் கேட்காது. பிறகு, வந்தது வரட்டும் என்று, றிவேர்ஸில் போட்டு வெளியே எடுத்தேன். எங்கள் கராஜ் பள்ளம், ரோட்டுக்கு ஏற வேண்டும். பாதி ஏற்றத்தில் கார் மூச்சு வாங்கியது. மிதித்தேன். இன்னும் மிதித்தேன். ஒரு நடைவண்டி ஏறும் ஏற்றம், அதில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டது. மெதுவாக வந்த வழியே கராஜுக்குள் உருண்டது.

திரும்பினால் படியில் இவர். வெறுங்கால். இடுப்பில் சாரம். ஆறு கிழமைத் தாடி. தலையைச் சரித்து எஞ்சினைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

"ரெண்டு பக்கிங் போட்டிருக்கிறீர்."

ஆறு கிழமைக்குப் பிறகு முதல் வசனம். குரல் கரகரத்தது.

"ரெண்டுதானே போடுறது," என்றேன்.

"அது மண்ணெண்ணெய்க்கு, மலர்."

பிறகு ஒவ்வொரு சொல்லாக விளங்கப்படுத்தினார். தடைக்காலத்தில் பெற்றோல் இல்லை. ஸ்ரார்ட் பண்ண மட்டும் ஒரு மூடி பெற்றோல், ஓட்டம் முழுக்க மண்ணெண்ணெய். அப்படியே விட்டால் எஞ்சின் அடித்து உடையும். அதனால்தான் இரண்டு பக்கிங் வைத்து ஹெட்டைக் கொஞ்சம் உயர்த்தி, எஞ்சினின் பலத்தைக் குறைத்தது. பெற்றோலில் ஓடும் காருக்கு ஒன்றுதான். உலகம் முழுக்க ஒன்றுதான். மற்றது சும்மா மேலதிகமாக வாங்கி வைத்ததாம்.

ஐந்து வருடம் விளக்குப் பிடித்தேன். எஞ்சின் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன். ஏற்றம் கண்டால் எல்லாரும் இறங்கித் தள்ளுவது கூட, கார் என்றால் அதுதான் வழமை என்று நினைத்திருந்தேன். சிரிப்பும் வந்தது, துக்கமும் வந்தது. இவர் ஸ்பனர் பலகையைப் பார்த்தார். "உதெல்லாம் ஆர் மாத்தினது?" என்று கேட்டார். ஏசவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய கொக்கியில் போட்டார்.

மே 23, சனி

காற்று. இரண்டு பேருமாக ஹெட்டைத் திரும்பக் கழற்றினோம். இவர் சவரம் செய்திருந்தார், பாதி. இரண்டு பக்கிங்கும் நசிந்துவிட்டன, இனி உதவாது. புதிதாக ஒன்று எடுக்கக் குகனிடம் சொன்னோம்.

நான் ஒரு பக்கம், இவர் மறுபக்கம், பசையைச் சுரண்டிக்கொண்டு. பிறகு இவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நான்தான் அவளுக்குச் சொன்னனான், வெளிக்கிட வேண்டாமெண்டு."

பெப்ரவரியில் சாந்தி கதைத்தது சம்மதம் கேட்கத்தானாம். சனம் கடலேரித் தண்ணிக்குள்ளால் ஆமி பக்கம் போகுது, நாங்களும் போகட்டோ என்று. இவர் சொன்னாராம்: அவசரப்படாதே, நாங்கள் இங்கே இவ்வளவு பேர் ரோட்டில் நிற்கிறோம், உலகம் பார்க்கிறது, நிற்பாட்டிவிடுவார்கள், இன்னும் இரண்டு கிழமை பொறு. இரண்டு கிழமை என்று எந்த வாயால் சொன்னேன் என்றார். ரோட்டில் நின்று நின்று ஒரு நாள் அது விளங்கியதாம். நாங்கள் நிற்பதை ஒருவரும் பார்க்கவில்லை என்று. அன்றுதான் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். பிறகு அந்த நாள் ஞாபகம் வந்தது. குசினியில் போன். இவர் கதைக்கிறார். நான் பக்கத்தில் கத்தரிக்காய் வெட்டுகிறேன். "பொறு, நிப்பாட்டிப் போடுவாங்கள்" என்று இவர் சொல்ல, நானும் தலையாட்டினேன். ஓம், சொல்லுங்கோ, அந்தரப்பட்டுப் போக வேண்டாம் என்று நானும் சொன்னேன். இந்த மூன்று மாதமும் அதை மறந்து, இவருக்கு வருத்தம் என்று குளிசை கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"நானும்தான் சொன்னனான்," என்றேன். இவர் சுரண்டுவதை நிற்பாட்டினார். இரண்டு பேரும் எஞ்சினுக்கு மேலால் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அழவில்லை. அழுதிருந்தால் நல்லது. பிறகு அவர் ஒரு பழைய துணியை எடுத்து என் கையைத் துடைத்துவிட்டார்.

மே 30, சனி

இளவெயில். ஒரு பக்கிங். கிளிக், கிளிக். இவர் இறுக்க, நான் புத்தகத்தைப் பார்த்து ஒழுங்கு சொன்னேன். முதல் தரத்திலேயே பிடித்தது. புகை இல்லை. ஏற்றத்தைக் கண்டதாகவே காட்டவில்லை, ஏறிவிட்டது.

புது எஞ்சினை முதல் ஐந்நூறு மைல் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டுமாம். உள்ளே இரும்பும் இரும்பும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். வீட்டுத்தொகுதியை மூன்று தரம் சுற்றினோம், சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப் போனார்கள். மரமெல்லாம் இலை. இவ்வளவு மெதுவாக இந்தத் தெருவை நான் பார்த்ததில்லை. மூன்றாம் சுற்றில் இவர் ஓரமாக நிற்பாட்டி, தலையை ஸ்ரியறிங்கில் வைத்துக்கொண்டார். எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. சந்தோசப்பட ஏலாமல் இருக்கு மலர் என்றார். எனக்கும் அப்படித்தான் என்றேன்.

திங்கள் வேலைக்குப் போகிறாராம். பின்னேரங்களில், தப்பி வந்த சனத்தை அடைத்து வைத்திருக்கும் முகாம்களின் பெயர்ப்பட்டியல் வருகிறது. தர்சி வாசிப்பாள். சாந்தி என்று எத்தனையோ பேர். எங்களுடையவள் இல்லை.

யூன் 7, ஞாயிறு

மழை வரப் பார்க்கிறது. காலை எட்டு மணி. இடியப்பம் அவிகிறது. போன்.

நீளமான, தெரியாத இலக்கம். இவர்தான் எடுத்தார். முகம் மாறியதைப் பார்த்து நான் ஸ்பீக்கரை அழுத்தினேன். இரைச்சல். சனத்தின் சத்தம், குழந்தை ஒன்று கத்துகிறது. அதற்குள்ளால் ஒரு பெண்குரல், ரகசியம் கதைப்பது போல. முகாமில் இருக்கிறேன், ஆரோ ஒரு ஆளின் போன், ஒரு நிமிசம்தான் தந்தவை என்றாள். சாந்தி. சாந்தியேதான்.

இவருக்குப் பேச்சு வரவில்லை. வாயைத் திறக்கிறார், மூடுகிறார். திரும்ப அந்தக் கதிரைக்குள்ளேயே போய்விடுவாரோ என்று இவருடைய தோளைப் பிடித்தேன். சாந்தி எங்கள் மௌனத்தை வேறு மாதிரி எடுத்துவிட்டாள் போல. அவசர அவசரமாகச் சொன்னாள்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. நீங்கள் பொறுக்கச் சொன்னதை நான் கேக்கேல்லை. அந்த ரெண்டு கிழமை முடிய முன்னமே பிள்ளையளையும் கொண்டு தண்ணிக்குள்ளாலை வெளிக்கிட்டிட்டன். கோவமே அண்ணை?"

அவளுடைய மனிசனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கு வாய்வரை வந்தது. அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

இவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மறுபக்கத்தில் ஒருவரும் இல்லை, கூ என்று ஒரே சத்தம். அதற்குள் சொல்லிக்கொண்டிருந்தார், பிறகும் பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்: "நல்ல வேலை செய்தனி பிள்ளை. நல்ல வேலை செய்தனி."